அம்பத்தூரில் ஓர் ஏதென்ஸ்

கிரேக்கம் உயர்ந்ததா, ரோமாபுரி உயர்ந்ததா என்ற கேள்வியால் அம்பத்தூரில் யாருக்கும் ஒரு படி நெல் கூடிவிடப் போவதில்லை. ஆனாலும் ஐரோப்பாவில் யுத்தம் வருமா வராதா என்று பட்டணத்துப் பத்திரிகைகள் ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கோடையில், ஜம்புலிங்கம் வீட்டு அரிசி மண்டியை ஒட்டிய முன்னறையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் அந்தக் கேள்வி அனல் பறந்தது.

அந்த அறைக்கு அறிவொளி வாசகசாலை என்று பெயர். கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி, இரண்டு நீளப் பெஞ்சு, ஒரு மேசை, தவிட்டு வாசனை. அங்கத்தினர்கள் பெரும்பாலும் ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். கொஞ்சம் கல்லூரிப் படிப்பு, பட்டணத்தில் குமாஸ்தா வேலை, தினமும் ரயில். கிழக்குப் பெஞ்சு கிரேக்கக் கட்சி. மேற்குப் பெஞ்சு ரோமாபுரிக் கட்சி. மேற்குப் பெஞ்சில் இரண்டே பேர்தான். ஒருவன் கிறிஸ்துராஜ். இன்னொருவன் செங்கல்வராயன். அவனுக்கு இரண்டு நாகரிகத்தோடும் பகையோ உறவோ கிடையாது. அந்தப் பக்கம்தான் காற்று வரும், வேர்க்கடலைத் தட்டும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

கிரேக்கக் கட்சிக்குக் கங்காதரன்தான் தலைவன். ஏரிக்குக் கீழே நிலம் இருந்தும் பி.ஏ. வரைக்கும் படித்துவிட்டதால் காகிதக் கம்பெனி ஒன்றில் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தான். சாதாரணமாக அவன் பேசுவது குறைவு. நாலு பேர் கேட்கிற இடத்தில், நின்றுகொண்டு பேசச் சொன்னால், எங்கிருந்தோ சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். உட்கார்ந்ததும் வந்த வழியே போய்விடும். வீட்டில் மனைவி வசந்தா பத்து வார்த்தை பேசினால் அவன் ஒரு தலையசைப்போடு முடித்துக்கொள்வான்.

கிறிஸ்துராஜ் அம்பத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவன். திண்டிவனத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் வாசகசாலை என்று ஒன்று வந்ததே அவன் அலைச்சலால்தான். மண்டிக்காரர் வீட்டில் கெஞ்சி அறையை வாங்கியது அவன். பட்டணத்துப் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து பொறுக்கி மூட்டையாகச் சுமந்து வந்தது அவன். பெட்ரோமாக்ஸ் விளக்கும் அவனுடையதுதான். அலமாரிச் சாவி அவன் இடுப்பில் இருந்தது. புத்தகத்தின் ஓரத்தை மடக்கினால் சின்னப் பிள்ளையைக் கடிவதுபோல எல்லார் எதிரிலும் கடிவான். அது பலருக்குப் பிடிக்கவில்லை. அவன் எப்போதும் சரியாகவே இருந்தது அதைவிடப் பிடிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவனும் கங்காதரனும் ஏரிக்கரை மேல் நடந்து போவார்கள். ஒரு மைல் தூரம் பேசாமலே நடப்பார்கள். கங்காதரனுக்கு உலகத்தில் வேறு யாரோடும் அப்படிப் பேசாமல் இருக்க முடிந்ததில்லை. மற்றவர்களோடு அவன் வாய்மூடி இருந்தால் 'என்ன கோபம்' என்று கேட்பார்கள். கிறிஸ்துராஜ் கேட்கமாட்டான்.

அப்படி ஒரு நாள் நடக்கும்போதுதான் கிறிஸ்துராஜ் அந்தக் கதையைச் சொன்னான். ஏதென்ஸ் நகரத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஜனங்கள் கூடி, நாட்டைவிட்டு யாரை அனுப்பலாம் என்று ஓட்டாஞ்சில்லில் பெயரைக் கீறிப் போடுவார்கள். அதிகம் பேர் யார் பெயரைக் கீறினார்களோ அவன் பத்து வருஷம் வெளியே இருக்க வேண்டும். அரிஸ்டைடீஸ் என்று ஒருவன். நீதிமான் என்று ஊரெல்லாம் பேர். எழுதத் தெரியாத ஒரு பட்டிக்காட்டான், ஆள் யாரென்று தெரியாமல் அவனிடமே சில்லை நீட்டி, "அரிஸ்டைடீஸ்னு எழுதிக் குடு" என்றானாம். "அவன் உனக்கு என்ன கெடுதல் செய்தான்?" "ஒண்ணுமில்ல. நீதிமான் நீதிமான்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு." அரிஸ்டைடீஸ் ஒன்றும் சொல்லாமல் தன் பெயரையே எழுதிக் கொடுத்தானாம்.

கங்காதரன் சிரித்தான். பிறகு இருவரும் ஏரித் தண்ணீர் வழியும் கலங்கல் வரைக்கும் பேசவில்லை.

வாசகசாலைக்கு வெளியே, பூவரச மரத்தடியில், ஜன்னல் ஓரமாக நின்று வாதங்களைக் கேட்கிறவன் ஒருவன் இருந்தான். பெயர் துலுக்கானம். கள்ளிக்குப்பத்துச் சேரி. ரயில்பாதையில் ஜல்லி கொட்டும் கூலி. மிஷன்காரர்களின் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டக் கற்றவன். கிறிஸ்துராஜ் ஜன்னல் கம்பி வழியாக அவனுக்குப் புத்தகம் கொடுப்பான், வாங்குவான். ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னான்: "துலுக்கானத்தை அங்கத்தினராச் சேர்க்கணும். உள்ளே வந்து உட்காரட்டும்."

யாரும் கூடாது என்று சொல்லவில்லை. கதர் உடுத்தியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். எப்படிச் சொல்வார்கள்? "பார்க்கலாம்" என்றான் ஜம்புலிங்கம். மண்டி அவன் அப்பாவுடையது. வாரா வாரம் பார்க்கலாம் என்றே போயிற்று. அந்த விஷயத்துக்குப் பதிலாகத்தான் கிரேக்கமும் ரோமாபுரியும் வந்து உட்கார்ந்துகொண்டன என்று கங்காதரனுக்குப் பின்னால்தான் தோன்றியது.

"ஏதென்ஸ்ல அப்பனும் ஆத்தாளும் அந்த ஊர்லயே பொறந்திருந்தாத்தான் குடிமகன்," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துராஜ் எழுந்து பேசினான். "நாப்பது வருஷம் அங்கேயே குடியிருந்து செருப்பு தெச்சவனும் கடைசிவரைக்கும் வெளியாள்தான். ரோமாபுரியில அப்படி இல்ல. அடிமையை விடுதலை பண்ணினா அவன் குடிமகன். அவன் மகன் குடிமகன். தோத்த ஊர்க்காரனைக்கூட உள்ளே சேர்த்துக்கிட்டான். கடைசியில ராஜ்யத்துல அடிமை இல்லாத அத்தனை பேரும் குடிமக்கள்னு ஒரு ராஜா சட்டம் போட்டான். அழகாப் பேசத் தெரிஞ்சவன் ஒசத்தியா, கதவைத் திறந்துவிட்டவன் ஒசத்தியா?"

"அட, உங்க கோயில் பூசையே ரோமாபுரி பாஷைதான மச்சான்," என்றான் செங்கல்வராயன், கடலைத் தோலை ஊதிக்கொண்டே. "நீ வேற எந்தப் பக்கம் பேசுவே?"

"எங்க சாமியைச் சிலுவையில அடிச்சதும் ரோமாபுரிக்காரன்தான். அதை மறந்துட்டா பேசறேன்?"

சிரிப்பு எழுந்தது. கங்காதரன் எழுந்து நின்றான். அன்றைக்கு அவன் பேசியதை ஊரில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கதவைத் தொறந்துவிட்டான்றாரு. மொதல்ல ஊட்டையே புடுங்கிக்கினு அப்புறம் கதவத் தொறந்தா அதுக்குப் பேரு தர்மமா? ரோமாபுரிக்காரன் ரோடு போட்டான், பாலம் கட்டுனான், தண்ணி கொண்டாந்தான். எதுக்கு? பட்டாளம் போறதுக்கு, வரி வாங்கறதுக்கு. சொந்தமா ஒரு சாமி உண்டா அவனுக்கு? ஒரு சிலை உண்டா? எல்லாம் கிரேக்கன்கிட்ட வாங்குன கடன். இன்னைக்கு வெள்ளைக்காரன் கூடத்தான் ரோடு போடறான், ரயிலு வுடறான். அதுக்காவ அவனக் கும்புட்டுக்கினே இருக்கலாமா? கிரேக்கன் சின்ன ஊர்க்காரன்தான். ஆனா எவனுக்கும் தலை வணங்காம, தனக்குத்தானே ராஜாவா இருந்தான். நமக்கு வேண்டியது அது."

கிழக்குப் பெஞ்சு முழுக்க எழுந்து கைதட்டியது. ஜம்புலிங்கம் பின்பாட்டுப் பாடினான்: "ரயில்வே சம்பளம் வாங்கறவருக்கு ரோமாபுரிதான் இனிக்கும்!"

கிறிஸ்துராஜ் சிரித்தபடி உட்கார்ந்தான். ஆனால் அன்று ஏரிக்கரையில் நடக்கும்போது அவன் கொஞ்சம் முன்னாலேயே நடந்தான். ஜன்னல் பக்கம் துலுக்கானம் நின்றிருந்தானா, அந்தக் கைதட்டலைக் கேட்டானா என்று கங்காதரன் யோசித்துக்கொண்டே வந்தான். யோசித்தான், கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் விஷயத்தை முடிவு செய்துவிடுவது என்று தீர்மானமாகியிருந்தது. அன்றைக்கென்று ஜம்புலிங்கத்துக்கு ஒரு குஷி பிறந்தது.

"இன்னா கங்காதரா, ஜனநாயகம் ஜனநாயகம்னு ஜெயிச்சிட்டே. நீ சொன்னியே, ஒருத்தன ஊர விட்டு அனுப்பற ஓட்டாஞ்சில்லு ஓட்டு, அது எப்டிக் கீதுன்னு ஒரு தபா காட்டேன். அத்த மொதல்ல ஆடிட்டு அப்புறம் விஷயத்துக்கு வருவோம்."

"நம்ம உத்திரமேரூர்லயே குடவோலை இருந்திச்சேப்பா," என்றான் ஒருவன்.

"அது ஆளத் தேர்ந்தெடுத்து உள்ள வெக்கறது. இது வெளிய அனுப்பறது. இதுதான் ஜோரு," என்றான் செங்கல்வராயன்.

கங்காதரனுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு ஓடி, விரிசல் விட்ட ஒரு பானையை வசந்தாவிடம் கேட்டு வாங்கிவந்தான். வாசல் கல்லில் போட்டு உடைத்தான். பத்துப் பேருக்குப் பத்துச் சில்லு. ஆளுக்கு ஓர் ஆணி. சின்ன வயதில் பாண்டி ஆடிய ஞாபகத்தில் எல்லாரும் சில்லைக் கையில் வைத்து எறிந்து பிடித்துப் பார்த்தார்கள். அறை முழுக்க கரகரவென்று கீறுகிற சத்தம்.

கங்காதரன் ஒரு கணம் யோசித்தான். எல்லாரும் செங்கல்வராயன் பெயரைத்தான் எழுதப் போகிறார்கள், கடலைக்காக. தனக்குள் சிரித்துக்கொண்டே 'கிறிஸ்துராஜ்' என்று கீறினான். அந்த ஒரு சில்லைப் பார்த்ததும் அவன் ஒருவனுக்குப் புரியும். நீ எங்கள் அரிஸ்டைடீஸ் என்று வாய்திறந்து சொல்லக் கங்காதரனால் ஆகாது. சில்லில் கீறுவது சுலபமாக இருந்தது.

மேசைமேல் சில்லுகளைக் கொட்டி அவன்தான் படித்தான்.

"செங்கல்வராயன்."

"அடப் பாவிங்களா!" சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இரண்டாவது சில்லு கங்காதரன் கீறியது. "கிறிஸ்துராஜ்" என்று படித்துவிட்டு நிமிர்ந்தான். மேற்குப் பெஞ்சில் கிறிஸ்துராஜ் அவனைப் பார்த்துச் சிரித்தான். நினைத்தபடியே நடந்ததில் கங்காதரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்றாவது சில்லை எடுத்தான்.

"கிறிஸ்துராஜ்."

அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

நாலாவது சில்லிலும் அதே பெயர். அடுத்ததிலும். எழுத்துகள் வேறு வேறு. ஒன்று ஆழமாக, ஓடு பொடியும்படி கீறியிருந்தது. கங்காதரனுக்குக் குரல் மங்கிக்கொண்டே போயிற்று. நடுவில் ஒரு முறை ஜம்புலிங்கம் பெயர் வந்தது, இன்னொரு முறை செங்கல்வராயன். யாரும் சிரிக்கவில்லை. கடைசிச் சில்லைப் படித்தபோது பக்கத்து மண்டியில் எலி ஓடுகிற சத்தம் கேட்டது. பத்தில் ஏழு.

ஒருவரோடு ஒருவர் கலந்து பேசிச் செய்ததல்ல. அவனவன் தனியாகத்தான் கீறினான். அதுதான் கங்காதரனைக் குலுக்கியது. யாரும் வாயால் சொல்லாத ஒன்று பானையோட்டில் வெளியே வந்துவிட்டது. அதில் தன் எழுத்து எது, அவர்கள் எழுத்து எது என்று இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

கிறிஸ்துராஜ் எழுந்தான். "பத்து வருஷம். இல்லையா கங்கா?"

கங்காதரன் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'விளையாட்டு, உட்கார்' என்று சொல்லியிருக்கலாம். 'ஒன்று என்னுடையது, அந்தக் கதைக்காக எழுதினேன்' என்று சொல்லியிருக்கலாம். ஏன் எழுதினீர்கள் என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தியிருக்கலாம். வந்து நிற்கவேண்டிய சொற்கள் ஒன்றுகூட வரவில்லை. கையில் இருந்த சில்லையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெளையாட்டுக்குத்தான மச்சான், குந்து குந்து," என்றான் ஜம்புலிங்கம். ஆனால் அவன் எழுந்து கையைப் பிடிக்கவில்லை.

கிறிஸ்துராஜ் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல், சில்லுகளுக்குப் பக்கத்தில் வைத்தான். விளக்கை எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் ஓரம் நின்றவனும் அவன் பின்னால் போவது கம்பி வழியாகத் தெரிந்தது.

"துலுக்கானம் விஷயம்..." என்று யாரோ இழுத்தார்கள்.

"முன்மொழிஞ்சவரே எழுந்து பூட்டாரே," என்றான் ஜம்புலிங்கம். "இப்போ இன்னாத்துக்கு அது?"

சாவியைக் கங்காதரனிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டான்.

இரவு சோறு போடும்போது வசந்தா கேட்டாள்: "பானைய எடுத்துகினு போனீங்களே, இன்னா ஆச்சு?"

"ஒடைஞ்சு போச்சு."

"ஒடைக்கத்தான எடுத்துகினு போனீங்க? மூஞ்சியப் பாத்தா வேற இன்னாத்தையோ ஒடைச்ச மாதிரி கீது." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஸ்டேஷன்கார அண்ணன்கிட்ட எதுனா சண்டையா? போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன். வார்த்தைக்கு இன்னா பஞ்சமா?"

போகவேண்டும் என்றுதான் இருந்தான். நாளைக்கு என்று நினைத்தான். மறுநாள் காலையில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மாதம் முடிந்து சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க ஜன்னலில் நின்றபோது உள்ளே கிறிஸ்துராஜ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். பின்னால் ஆட்கள் நெட்டினார்கள். தேதி அச்சு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. டிக்கெட் கம்பிக்கு அடியில் நகர்ந்து வந்தது. இருவரும் பேசவில்லை. ஏரிக்கரையில் இருந்த அதே மௌனம்தான் என்று கங்காதரன் தன்னைத் தேற்றிக்கொண்டான். இல்லை என்பது அவனுக்கே தெரியும். அங்கே அது இருவருக்கும் பொதுவாக இருந்தது. இங்கே ஆளுக்குத் தனித்தனியாக இருந்தது.

யுத்தம் வந்தது. மழையும் வந்தது. வாசகசாலையில் கிரேக்கமும் ரோமாபுரியும் அலுத்துப்போய் ஹிட்லரும் இங்கிலீஷ்காரனும் வந்தார்கள். மேற்குப் பெஞ்சில் செங்கல்வராயன் கால் நீட்டிப் படுத்துக்கொண்டான். புத்தகத்தின் ஓரங்கள் மடங்கின.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் செங்கல்வராயன்தான் வந்து சொன்னான்: "உன் சிநேகிதக்காரனுக்கு ஜோலார்பேட்டைக்கு மாத்தலாம், தெரியுமா? வெள்ளிக்கெழம கெளம்பறாரு." பிறகு, அவனாகவே, காரணமில்லாமல், "நான் உம்பேரத்தான் எழுதுனேன், கங்காதரா, ஆட்டத்துக்கு. அப்புறம் பயந்துகினு அழிச்சிட்டு அவரு பேர எழுதிட்டேன். எல்லாரும் எழுதறாப்ல இருந்திச்சி," என்றான். கடலை தின்பதை அவன் நிறுத்தியிருந்தான்.

கங்காதரன் ஸ்டேஷனுக்கு நடந்தான். மேடையின் கடைசியில், வேப்பமரத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் கிறிஸ்துராஜ் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், அதே பெஞ்சில், துலுக்கானம். இன்னும் இரண்டு பாதைக்கூலிகள் தரையில். துலுக்கானம் பத்திரிகையை மடியில் விரித்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தான். தடுக்கிய இடத்தில் கிறிஸ்துராஜ் பேசாமல் காத்திருந்தான். எடுத்துக் கொடுக்கவில்லை. கடிந்துகொள்ளவும் இல்லை.

கங்காதரனைப் பார்த்ததும் துலுக்கானம் எழுந்து நின்றான். "வாங்க சாமி."

"உட்காரு," என்றான் கிறிஸ்துராஜ் அவனிடம். அவன் தயங்கி உட்கார்ந்தான்.

"மாத்தலாமே," என்றான் கங்காதரன்.

"ஆமாம்."

சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போயிற்று. அது முழுக்கப் போகும்வரை யாரும் பேச முடியவில்லை. போன பிறகு கிறிஸ்துராஜ்தான் ஆரம்பித்தான்.

"ரெண்டாவது சில்லு உன்னுது."

கங்காதரன் நிமிர்ந்து பார்த்தான்.

"உன் எழுத்து எனக்குத் தெரியாதா? எதுக்கு எழுதினேன்னும் தெரியும். சிரிச்சேனே, பாக்கலையா?"

"பாத்தேன். தெரிஞ்சும் ஏன் ராஜ், அப்புறம் வரவே இல்ல?"

"சாவியை மேசையில வைக்கறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்னேன். ஞாபகம் இருக்கா?" கிறிஸ்துராஜின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மத்தவங்க எழுதினது எனக்கு ஆச்சரியமில்ல. நீ ஏதாவது சொல்லுவேன்னுதான் நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது விளையாட்டாப் போயிருக்கும். இவனும் உள்ளே வந்திருப்பான்."

கங்காதரன் துலுக்கானத்தின் பக்கம் திரும்பினான். "இன்னிக்கி சாயங்காலம் வாசகசாலைக்கு வா. உள்ள வா. நான் பேசி உன்னச் சேக்கறேன்."

துலுக்கானம் கிறிஸ்துராஜைப் பார்த்தான், பிறகு பத்திரிகையைப் பார்த்தான். "வேணாம் சாமி. நான் வந்தா எந்த பெஞ்சுல குந்தறதுன்னு நீங்க இன்னொரு கூட்டம் போடணும். இங்க அண்ணாத்த கூட சும்மா குந்திகினு படிக்கறோம். இதே போதும்."

"அவரு வெள்ளிக்கெழம போயிடுவாரே."

"பெஞ்சு இங்கதான சாமி கீது."

தரையில் இருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். துலுக்கானம் விட்ட இடத்தில் விரலை வைத்துத் தொடர்ந்தான். பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. உட்கார் என்று கிறிஸ்துராஜ் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கங்காதரன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

அன்று மாலைக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான். யுத்தத்தைப் பற்றிப் பேசப்போகிறான் என்று கிழக்குப் பெஞ்சு நிமிர்ந்தது.

"துலுக்கானத்த அங்கத்தினரா சேக்கணும்னு நான் முன்மொழியறேன். அவன் வந்தாலும் சரி, வராங்காட்டியும் சரி. கதவு தொறந்திருக்கணும்."

ஜம்புலிங்கம் தொண்டையைச் செருமினான். "வழிமொழியறது யாரு?"

ஒருவன் விளக்கின் கண்ணாடியைப் பார்த்தான். ஒருவன் வேட்டி ஓரத்தைச் சரி செய்தான். செங்கல்வராயன் வாயைத் திறந்தான், சுற்றிலும் பார்த்தான், மூடிக்கொண்டான். பக்கத்து மண்டியில் எலி ஓடியது. கங்காதரனுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. சொல் எப்படி வராமல் போகும் என்பது அவனுக்குத் தெரியும்.

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். பூவரச மரத்தடியில் ஒருவரும் இல்லை. கால் தானாக ஸ்டேஷனுக்குப் போயிற்று. டிக்கெட் ஜன்னல் சாத்தியிருந்தது. மேடைக் கடைசிப் பெஞ்சும் காலியாக இருந்தது. வேப்பிலைகள் ஈரத்தோடு அதன்மேல் ஒட்டியிருந்தன. அவன் அவற்றைத் துடைக்காமல், ஓரமாக, பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.